வலப்பக்கத் தோலின் தொண்ணூறு நாட்கள்

வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு நடமாடுகிறவர்களுக்காகவும், அந்தப் பையை அவர்களுக்கு ஒட்டிவிடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது. நானே பொத்திக்கொள்ளவில்லை.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எந்த மரம் எப்போது விழுந்தது, கோயில் குளத்தில் எந்த வருஷம் எத்தனை படி தண்ணீர் ஏறியது, மெட்ரோக்காரர்கள் எந்தக் காலையில் தகரத் தடுப்புகளைக் கொண்டுவந்து நட்டார்கள் என்பதெல்லாம் என் நோட்டுகளில் இருக்கிறது. யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பேன். அதே பழக்கத்தில் என் உடம்பு பட்ட பாட்டையும் எழுதிவைத்தேன். இங்கே தேதிகளை விட்டுவிட்டு, அறுவை நடந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணுகிறேன்.

பெருங்குடலில் புண். பல வருஷக் கதை, அதைச் சொல்லப்போவதில்லை. கடைசியில் மருந்துகள் தோற்றன. பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வலது அடிவயிற்றில் ஒரு துளை வழியே வெளியே இழுத்து, மடித்துத் தைத்தார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். ஆயுளுக்கும் அப்படியேதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகம் அதை ரோஜா மொட்டு என்றது. எழுதியவர் ரோஜாவைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அது நாக்கு நுனி மாதிரி இருந்தது. உலகத்தைப் பார்த்துப் பழித்துக் காட்டுகிற நாக்கு.

அந்த நாக்குக்கு உணர்ச்சியும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. தண்ணீராகக் கழிந்துகொண்டே இருக்கும். அதனால் உள்ளங்கை அகலத்தில், பசையுள்ள ஒரு வட்டத் தகட்டை வயிற்றில் ஒட்டவேண்டும். பிளேட் என்பார்கள். நடுவில் ஸ்டோமாவின் அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொள்ளவேண்டும். பிளேட்டின் மேல் பை மாட்டிக்கொள்ளும். சிறுகுடலிலிருந்து வருவதில் சோற்றைக் கரைக்கும் நீர் இருக்கிறது. அது தோலில் பட்டால் தோலையும் சோறாகத்தான் நினைக்கும். ஆகவே எல்லாமே அந்தப் பிளேட் ஒட்டுவதில் இருக்கிறது. ஒட்டினால் மனுஷி. ஒட்டாவிட்டால் ஓட்டைக் குழாய்.

நான்காம் நாள் எஸ்தர் சிஸ்டர் வந்தார். ஸ்டோமாக்காரர்களுக்குப் பிளேட் மாற்றக் கற்றுக்கொடுப்பதுதான் ஆஸ்பத்திரியில் அவர் வேலை.

"வீட்டுல யாரு பண்ணப் போறீங்க? நீங்களா, சார் பண்ணுவாரா?"

நான் கூரையில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றுதான், ஆனாலும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நான்" என்றார் என் கணவர்.

இவர் வயலின்காரர். பெரிய மேடைக்காரர் இல்லை. காலையிலும் மாலையிலும் வீட்டில் பாடம் எடுப்பார். பக்கவாத்தியத்துக்குக் கூப்பிட்டால் போவார். முப்பத்து நான்கு வருஷ இல்லறத்தில் ஒரு பாத்திரத்தின் மூடியைச் சரியாகப் போட்டதில்லை. அந்தக் கைகள் என் வயிற்றில் பிளேட் ஒட்டப்போகின்றன என்பதை நான் நம்பவில்லை.

"ஒட்டறதுக்கு முன்னாடி பிளேட்டை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு ஒரு நிமிஷம் சூடு பண்ணணும் சார். அப்பதான் பசை இளகிப் பிடிக்கும். வாட்ச் பாத்துக்கோங்க."

இவர் வாட்சைப் பார்க்கவில்லை. பிளேட்டைக் கும்பிடுவதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார். கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஆச்சு" என்றார்.

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கரெக்டா ஒரு நிமிஷம்! எப்படி சார்?"

"ஆதி தாளம், சுத்துக்கு எட்டு எண்ணிக்கை. எட்டு ஆவர்த்தனம்."

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது சிஸ்டர் சொன்னதை அன்றே எழுதிவைத்தேன்: "துடைக்க இந்த வாசனை போட்ட ஈரத்தாள் எல்லாம் வேண்டாம். எண்ணெய் வேண்டாம், பவுடர் வேண்டாம், கிருமி கொல்றேன்னு எந்த மருந்துத் தண்ணியும் வேண்டாம். வெறும் தண்ணி. மெத்துனு ஒரு சுத்தமான துணி. அவ்வளவுதான்."

"எங்காத்துல பழைய மல் வேட்டித் துணி இருக்கு" என்றார் இவர். "பூ மாதிரி இருக்கும்."

"அதைவிட என்ன வேணும் சார்."

எங்கள் வீட்டில் வேட்டி நைந்தால் தூக்கிப்போடுவதில்லை. இவர் அதைக் கைக்குட்டை அளவில் கிழித்து, அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிவைத்துக்கொள்வார். கண்ணாடி துடைக்க, வாத்தியம் துடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். துவைத்து, காயவைத்து, மறுபடி அடுக்கு. எனக்கென்று அந்த அடுக்கிலேயே மிகவும் பழையவையாக, துவைத்துத் துவைத்து மென்மையானவையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

பதினான்காம் நாள் அரிக்க ஆரம்பித்தது.

அரிப்பு என்று எழுதிவிடுவது சுலபம். கை போடமுடியாத இடத்தில் அரிப்பதை நினைத்துப் பாருங்கள். மேலே பிளேட், அதன்மேல் பை, பைக்குள் நேற்றைய ரசம் சாதம். சொறிய வேண்டுமென்றால் மூன்றையும் கழற்றவேண்டும். பதினேழாம் நாள் கழற்றியபோது, பிளேட் இருந்த இடம் சுட்ட அப்பளத்தின் கொப்புளங்கள்போலப் பொரிந்திருந்தது. பத்தொன்பதாம் நாள் நீர் வடிந்தது. நீர் வடிகிற தோலில் பசை ஒட்டாது. பசை ஒட்டாவிட்டால் கசியும். கசிந்தால் தோல் இன்னும் வேகும். வெந்தால் இன்னும் ஒட்டாது. நான்கு நாள் நிற்கவேண்டிய பிளேட் நான்கு மணி நேரம் நின்றது.

எஸ்தர் சிஸ்டர் பார்த்தார். "பசை ஒத்துக்கலம்மா. அலர்ஜி. ஆனா ஒண்ணு புரியல. கசிவுன்னா ஓட்டையைச் சுத்தித்தான் செவக்கும். பசை அலர்ஜின்னா பிளேட் வட்டம் அப்படியே அச்சுக் குத்தின மாதிரி வரும். இது வட்டத்தைத் தாண்டி ரெண்டு விரல் வெளிய வந்திருக்கே. சொறிஞ்சீங்களா?"

"இல்லை."

"தூக்கத்துல சொறிஞ்சிருப்பீங்க."

நான் தூக்கத்தில் சொறிவதில்லை. தூங்கினால்தானே.

வேறு கம்பெனிப் பிளேட் வாங்கினோம். இருபத்து மூன்றாம் நாள் அதுவும் தோற்றது. மூன்றாவது கம்பெனி வாங்கினோம். இன்ஷூரன்ஸ்காரர்கள் அறுவைக்குக் கொடுப்பார்களாம், அதன்பிறகு வாழ்வதற்குக் கொடுக்கமாட்டார்களாம். அதைப்பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும்.

இதற்குள் ஊர் முழுக்க வைத்தியர்களாகிவிட்டது. கத்தரிக்காய் சாப்பிட்டாயா என்று கேட்காதவர் இல்லை. கரப்பான் என்றார்கள். உடம்புச் சூடு என்றார்கள். மேல் வீட்டு அம்மாள் வேப்பிலை அரைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். வாசலிலேயே வாங்கி, அவர் படியேறியதும் கொட்டிவிட்டேன். ஆனாலும் என் நோட்டில் கத்தரிக்காய்க்கு ஒரு பத்தி போட்டேன். மொத்தம் எட்டுப் பத்திகள்: எந்தக் கம்பெனி, எந்தப் பெட்டி, எத்தனை மணி நேரம் நின்றது, தோலின் நிறம், அரிப்பு, சாப்பாடு, வெயில், கத்தரிக்காய். விட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

இருபத்தாறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில், மூன்றாவது கம்பெனி கைவிட்டது. மெட்ரோ தோண்டிய சாலையில் ஒரு பள்ளம். ஏறி இறங்கியது. வயிற்றின்மேல் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. புடவை, பாவாடை, சீட்டு. நாற்றம் வண்டியை நிறைத்தது. இவர் தன் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை என் மடியில் போட்டு மூடினார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா மா, உடம்பு சரியில்லியா?"

"ஆபரேஷன் பண்ணியிருக்கு. பை கழண்டுடுத்து" என்றேன். எப்படித்தான் சொன்னேனோ. "உங்க சீட்டு..."

"சீட்டு கெடக்குது மா. ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி கயுவினா போச்சு. மீன் கூடையே ஏத்திகினு வந்துகிறேன், இது இன்னா. நீ அயாத. நைனா, அவங்கள கெட்டியா புட்ச்சிக்கோ, இன்னும் ரெண்டு பள்ளம் கீது."

அதுவரை நான் அழவில்லை. அவர் சொன்னபிறகு அழுதேன்.

முப்பத்து மூன்றாம் நாள் எஸ்தர் சிஸ்டர் ஒரு சோதனை செய்தார். நான்கு கம்பெனிகளின் பிளேட்டிலிருந்தும் தலா ஒரு சிறு துண்டு வெட்டி, என் வயிற்றின் இடப்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து, வரிசையாக ஒட்டினார். இரண்டு நாள் தொடக்கூடாது. எது சிவக்கிறதோ அது எதிரி. முப்பத்தைந்தாம் நாள் உரித்தார். நான்கும் சிவக்கவில்லை. இடப்பக்கம் குழந்தையின் கன்னம்போல் இருந்தது. வலப்பக்கம் வெந்துகொண்டிருந்தது.

"ஒரே உடம்புல ரெண்டு தோலா?" என்றேன்.

"தெரியலம்மா" என்றார் சிஸ்டர். தெரியவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

முப்பத்தெட்டாம் நாள் இவர் கச்சேரிக்காக வெளியூர் போனார். கோயம்புத்தூர்ப் பக்கம், ஒன்பது நாள். போகமாட்டேன் என்று உட்கார்ந்தவரை நான்தான் துரத்தினேன். எத்தனை கச்சேரியைத்தான் மறுப்பது? அந்த ஒன்பது நாளும் அடையாறிலிருந்து என் தங்கை லலிதா வந்தாள். வந்தவுடனே அலமாரியைத் திறந்தாள்.

"என்னக்கா இது, இன்னும் வேட்டித் துணியால தொடச்சிண்டிருக்கேளா? எந்தக் காலம்? இதைத் துவைச்சு, காயப்போட்டு, அதே கொடியில நம்ம துணியும் தொங்கறது. கர்மம்."

"அத்திம்பேர்தான் துவைக்கிறார். உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லை. நான் தொட மாட்டேன்." கூடையிலிருந்து சமையலறை டிஷ்யூ ரோலை எடுத்தாள். "எடு, துடை, தூக்கிப்போடு. முடிஞ்சுது."

நான்காவது கம்பெனிப் பிளேட்டை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். நாற்பத்தோராம் நாள் கசிவு நின்றது. நாற்பத்து மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. நாற்பத்தாறாம் நாள் கொப்புளங்கள் வற்றிப் புதுத்தோல் தெரிந்தது. பிளேட் மூன்று நாள் நின்றது. நான்காவது கம்பெனியைக் கண்டெடுத்த கொலம்பஸ்போல எல்லோரும் தங்களைப் பாராட்டிக்கொண்டார்கள். ஆழ்வார்பேட்டையில் சர்ஜிகல் கடைக்காரர் "நான் மொதல்லயே சொன்னேனே மேடம்" என்றார். அவர் சொல்லவில்லை, என் நோட்டில் இல்லை. அந்தப் பிளேட்டில் ஆறு பெட்டி வாங்கினேன்.

நாற்பத்தேழாம் நாள் இவர் திரும்பி வந்தார். ஆசையாக, பொறுப்பாக, மறுபடி தன் வேலையை எடுத்துக்கொண்டார். ஐம்பத்தோராம் நாள் வலப்பக்கம் மீண்டும் பற்றி எரிந்தது. அதே கம்பெனி. அதே பெட்டி.

ஐம்பத்தைந்தாம் நாள் அறுவை மருத்துவரிடம் போனோம். நல்ல மனிதர், ஆனால் கத்தி பிடிக்கிறவருக்கு எல்லாப் பிரச்சினைக்கும் விடை கத்தியில்தான் இருக்கும். என் வயிற்றையும் நோட்டையும் பார்த்தார்.

"இடப்பக்கத் தோல் எல்லாப் பிளேட்டையும் ஏத்துக்குது. வலப்பக்கம் எதையும் ஏத்துக்கலை. ஸ்டோமாவை இடப்பக்கத்துக்கு மாத்திடலாம்."

"இன்னொரு ஆபரேஷனா?"

"மூணு மாசம் முடியட்டும். தொண்ணூறாம் நாளைக்கு மேல தேதி குடுக்கறேன். இந்தப் புண்ணோட எத்தனை நாள் இருப்பீங்க? கிருமி உள்ள போச்சுன்னா அது வேற கதை."

வெளியே காத்திருப்பு அறையில் உட்கார்ந்தோம். அந்த அறையின் நாற்காலிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைத்தவை. ஒருவர் கால் ஆட்டினால் ஐந்து பேரும் ஆடவேண்டும். இவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. தாளம் இல்லை, சும்மா ஆடியது. எனக்குப் பயமாக இருந்தது. முதல் அறுவையின்போது எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் பயமும் இல்லை. இப்போது எல்லாம் தெரியும். மூக்கில் குழாய் வைத்த இரண்டு நாட்கள் எப்படியென்று தெரியும். அந்தக் கட்டிலில் மறுபடி படுக்கமுடியாது என்று தோன்றியது.

"அதுக்கு முன்னாடி தோல் டாக்டர் ஒருத்தரைப் பாத்துடலாம்" என்றார் இவர்.

"எத்தனை பேர்ட்டதான் வயத்தைக் காட்டறது?"

"இன்னும் ஒருத்தர்ட்ட. ஒருத்தர்தான்."

ஐம்பத்தெட்டாம் நாள், தியாகராய நகரில் ஒரு தோல் மருத்துவர். என் பெண் வயதிருக்கும். நோட்டைப் புரட்டவில்லை. வயிற்றைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம். எஸ்தர் சிஸ்டர் கேட்ட கேள்வியையே கேட்டார். ஆனால் சொறிந்தீர்களா என்று முடிக்கவில்லை.

"பிளேட் இல்லாத இடத்துலயும் சிவந்திருக்கே. அங்க என்ன படுது?"

"ஒண்ணும் படலை. பசையே அங்க வர்றதில்லை."

"அப்ப பசை இல்லை" என்றார், சாதாரணமாக.

ஐம்பத்தெட்டு நாளாக யாரும் சொல்லாத வாக்கியம்.

பேட்ச் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அலர்ஜி தரக்கூடிய பொருள்களில் ஒவ்வொரு துளி எடுத்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து, முதுகில் வரிசையாக ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து உரித்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. சென்னை வெயிலில், குளிக்காமல், முதுகில் கட்டம் போட்ட காகிதத்தோடு. லலிதா போனில் கேட்டாள்: "குளிக்காம அடுக்களைக்குள்ள நுழையறேளா? உங்க மாமியார் இருந்திருக்கணும்." என் மாமியார் இருந்திருந்தால் அவருக்கும் முதுகில் ஒட்டிவிட்டிருப்பேன்.

அறுபத்திரண்டாம் நாள். இரண்டாம் பார்வை. முதுகில் ஒரே ஒரு கட்டம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. மருத்துவர் பட்டியலைப் பார்த்தார்.

"கொலோஃபோனி. உங்க பிளேட் எதுலயும் இது கிடையாது, விசாரிச்சுட்டேன். சில பிளாஸ்டர்ல இருக்கும். பிளாஸ்டர் எதாவது போடறீங்களா?"

"இல்லை."

"தரை பாலிஷ்? முடி எடுக்கற மெழுகு? வார்னிஷ்? பைன் மரத்துப் பிசின்மா. அதைக் காய்ச்சி எடுக்கறது."

நான் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவர் தன் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்" என்றார். "பைன் பிசின்னா, ரோஸினா? வயலின் வில்லுல தேய்க்கறோமே, அந்த ரோஸின்?"

"அதேதான். ஏன் சார், உங்க வீட்டுல இருக்கா?"

"எங்காத்துல அதுதான் இருக்கு."

வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் முடி. ரோஸின் கட்டியை அதில் தேய்த்தால்தான் தந்தியைப் பிடித்து நாதம் வரும். வாசிக்க வாசிக்க அது வெள்ளைப் பொடியாக வாத்தியத்தின் மேல் உதிரும். வாசித்து முடித்ததும் அதைத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் படிந்துவிடும்.

"கையை சோப்புப் போட்டு ரெண்டு தடவை அலம்பிண்டுதான் இவளைத் தொடுவேன்" என்றார் இவர். பிறகு நிறுத்தினார். "துணி."

"எந்தத் துணி?"

"வாத்தியம் துடைக்கற துணி. அதே அடுக்குத்தான் டாக்டர். துவைச்சுத்தான் வெச்சிருக்கேன். இருக்கறதுலயே பழசா, மெத்துனு..."

"துவைச்சாலும் தண்ணியில கரையாதே அது."

"கரையாது" என்றார் இவர். "அதனாலதான் வில்லுல நிக்கறது."

எவ்வளவு பழையதோ அவ்வளவு மென்மை. எவ்வளவு மென்மையோ அவ்வளவு வருஷத்து ரோஸின். அந்த அடுக்கில் எனக்கென்று தேடிக் கொடுத்தவை, இவர் மிக அதிகம் துடைத்தவை.

"நான் முப்பத்து நாலு வருஷமா அந்த வீட்டுலதானே இருக்கேன்? அப்போல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்றேன். இவரைக் காப்பாற்றவா, என்னையே காப்பாற்றவா, தெரியவில்லை.

"காத்துல பறக்கறது வேற, கையில பட்டு அலம்பறது வேற. இங்க புண்ணான தோல்ல தேச்சு, மேல பிளேட்டைப் போட்டு மூடி, நாள் கணக்குல அடைச்சு வெக்கறீங்க. நான் முதுகுல பண்ணின டெஸ்டை நீங்க வயித்துல தினம் பண்ணியிருக்கீங்க."

சந்தேகம் தீர, துணியில் ஒரு சிறு சதுரத்தை என் இடப்பக்க வயிற்றில் ஒட்டச் சொன்னார். குழந்தைக் கன்னம் போன்ற அந்த இடப்பக்கம். அறுபத்து நான்காம் நாள் உரித்தோம். அச்சுக் குத்தியதுபோல் சதுரமாகச் சிவந்திருந்தது. நான்கு கம்பெனிகளையும் அன்று மனதார மன்னித்தேன்.

அன்று மாலை நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். எட்டுப் பத்திகளிலும் பதில் இல்லை. நாற்பத்தோராம் நாளின் ஓரத்தில், பத்திகளுக்கு வெளியே, எரிச்சலில் கிறுக்கியிருந்தேன்: 'லலிதா ஒரே நாளில் அரை ரோல் டிஷ்யூ தீர்த்தாள். இவள் வீட்டில் காகிதம் மரத்தில் காய்க்கிறது போலும்.' கத்தரிக்காய்க்கு ஒரு பத்தி கொடுத்தவள், எதால் துடைக்கிறார்கள், யார் துடைக்கிறார்கள் என்பதற்கு ஒரு பத்தி கொடுக்கவில்லை. குளத்துப் படிகளை எண்ணுகிறவள் நான். ஸ்டோமாவை இடப்பக்கம் மாற்றியிருந்தால், அந்தத் துணியும் கூடவே இடப்பக்கம் வந்திருக்கும். அங்கும் வெந்தபிறகு எங்கே மாற்றியிருப்பார்கள்? முதுகிலா?

அதன்பிறகு துணி போய் டிஷ்யூ வந்தது. தோல் மருத்துவர் ஒரு ஸ்டீராய்டு கொடுத்தார். களிம்பு இல்லை, தண்ணீர் போன்ற லோஷன். களிம்பு எண்ணெய்ப் பசை, அதன்மேல் பிளேட் நிற்காது. பிளேட் மாற்றும்போது மெல்லத் தடவி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஒட்டவேண்டும். அதுவும் இரண்டு வாரத்துக்கு மட்டும். நீர் வடியும் இடங்களுக்கு எஸ்தர் சிஸ்டர் இன்னொரு வழி காட்டினார்: ஸ்டோமா பவுடரைத் தூவி, ஊதிவிட்டு, மேலே, காய்ந்தால் படலமாகிற, ஸ்பிரிட் கலக்காத திரவத்தை ஒற்றி, காய்ந்தபின் மறுபடி பவுடர், மறுபடி திரவம். மூன்று சுற்று. புண்ணின்மேல் மெல்லிய ஓடு மாதிரி நிற்கும், பிளேட் அதைப் பிடித்துக்கொள்ளும். உங்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். இன்னொன்றும் எழுதுகிறேன்: பசையை மாற்றுவதற்கு முன், வீட்டில் அந்தத் தோலைத் தொடுகிற ஒவ்வொன்றையும் பட்டியல் போடுங்கள். அன்பாகத் தொடுவதை முதலில் போடுங்கள்.

எழுபத்தொன்பதாம் நாள் அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, "இப்ப மாத்த வேண்டாம். இப்படியே இருந்தா எப்பவுமே வேண்டாம்" என்றார். கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னதுபோல் இருந்தது.

எனக்கு விடுதலை. இவருக்கு இல்லை.

அறுபத்திரண்டாம் நாளுக்குப்பின் இவர் என்னைத் தொடவேயில்லை. பிளேட் மாற்றும் நாளில் லலிதா அடையாறிலிருந்து வந்தாள். இவர் வயலினைப் பின்கட்டு அறைக்கு மாற்றினார். பாடம் சொல்லும்போது கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் காப்பி கொடுக்கும்போதுகூட டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். வேட்டித் துணி அடுக்கு முழுவதையும் ஒரு பையில் கட்டி வெளியே போட்டுவிட்டார். அதில் என் கண்ணாடி துடைக்கிற துணியும் போய்விட்டது. என்ன சொல்ல? புண்ணோடு இருந்தபோது வராத எரிச்சல் இப்போது வந்தது.

எண்பத்தாறாம் நாள் காலை லலிதா போன் செய்தாள். "அக்கா, கிண்டியில ஒரு வேலை மாட்டிண்டுது. சாயங்காலம்தான் வரமுடியும்." பிளேட்டின் ஓரம் எழும்பியிருந்தது. சாயங்காலம்வரை தாங்காது.

"ஏன்னா, வாங்கோ."

பின்கட்டிலிருந்து பதில் வந்தது: "நர்ஸ் யாரையாவது வரச்சொல்லலாமா?"

"எதுக்கு?"

"என் கை வேண்டாம் மைதிலி."

"உங்க கை வேண்டாம்னு யார் சொன்னா? துணி வேண்டாம்னுதான் டாக்டர் சொன்னா. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிண்டு, சோப்புப் போட்டு அலம்பிண்டு வாங்கோ. நாழியாறது. கசிஞ்சா நீங்கதான் தரையைத் துடைக்கணும், அதுக்கும் வேட்டித் துணி இல்லை இப்போ."

குழாய் வெகுநேரம் ஓடியது. வந்தவர் இரண்டு கைகளையும் முழங்கைவரை நனைத்து, அறுவை மருத்துவரைப்போல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்பிரிட் வாசனை கூடத்தை நிறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை. டிஷ்யூவால் ஒற்றினார், ஒரு தடவை ஒற்றிய தாளை மறுபடி தொடாமல். பிளேட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். கால் கட்டைவிரல் தரையைத் தட்ட ஆரம்பித்தது. நடுவில் எங்கேயோ பிசகியது. முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். நான் காத்திருந்தேன்.

இன்று தொண்ணூறாம் நாள். அறுவை மருத்துவர் கத்தியைத் தீட்டியிருக்கவேண்டிய நாள். பதிலாக இவர் பிளேட்டை உரித்தார். உரித்த இடத்தைக் கொஞ்சநேரம் இரண்டுபேரும் பார்த்தோம். வயிற்றின் மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நோட்டை எடுத்தேன். எட்டுப் பத்திகளில் கத்தரிக்காயை அடித்துவிட்டேன். இரண்டு புதுப் பத்திகள் போட்டேன். நின்றது: நான்கு நாள். நிறம்: சாதாரணம். அரிப்பு: இல்லை. துடைத்தது: டிஷ்யூ. கை: இவருடையது.

இவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "கைக்கு ஒரு பத்தியா? மறுபடி அரிச்சா என்னைப் பிடிக்கறதுக்கா?"

"ஆமாம். பேசாம பிளேட்டைச் சூடு பண்ணுங்கோ. எட்டு ஆவர்த்தனம். இந்தத் தடவை பிசகாதீங்கோ."